இருபத்தேழாம் பாதி

1994ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. கோபன்ஹேகனில் விடியற்காலை முதல் மூடுபனி. ஒன்பது மணிக்குமேல் அது தூறலாக மாறிற்று. வெப்பநிலை ஆறு பாகை. காற்று கிழக்கிலிருந்து வலுவின்றி வீசியது.

அன்று நான் செய்த பிழையை எழுதுவதற்கு முன், என் பணி யாது என்பதை விளக்குதல் முறையாகும். என் பெயர் வெர்னர் லின்ஸ்கோ. இருபத்திரண்டு ஆண்டுகள் பன்றி இறைச்சிக்கூடம் ஒன்றில் எலும்பு நீக்குபவனாக இருந்தேன். நாற்பத்தைந்தாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, நாற்பத்தொன்பதில் ஆய்வுக்கூடத் துணையாளருக்குரிய சான்றிதழைப் பெற்றேன். வகுப்பில் ஆசிரியரும் என்னைவிட இளையவரே. சான்றிதழைப் பெற்ற மறுமாதமே, முதுமையில் மனித மூளையின் நரம்பணுக்கள் எத்தனை குறைகின்றன என்பதைக் கணக்கிடும் ஆய்வுக்கூடம் என்னைப் பணியில் அமர்த்திக்கொண்டது. என் கத்தித் திறனுக்காகவே அமர்த்தினர் என்று லிஸ் கூறுவாள். அதில் உண்மை உண்டு.

ஒரு மூளையின் புறணியில், அதாவது வெளிப்புறத்துச் சாம்பல்நிறப் படலத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. ஆகவே நாங்கள் பின்வரும் முறையைக் கையாண்டோம். இறந்தவரின் மூளையில் இடப்பாதியா வலப்பாதியா என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்போம். அந்தப் பாதி ஐந்து மாதங்கள் ஃபார்மலினில் ஊறும். பின்னர் அதைக் கடற்பாசிக் கூழில் பதித்து, முதல் வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைத் தாயக்கட்டை உருட்டி அறிந்து, ஏழு மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டங்களாக நான் அரிவேன். புள்ளிகள் அச்சிட்ட கண்ணாடித்தாளைத் துண்டத்தின்மேல் விரித்து, சாம்பல் படலத்தின்மீது எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணுவேன். அதிலிருந்து புறணியின் மொத்தப் பருமன் கிடைக்கும். அதன் பின்னரே சிறுசிறு கட்டிகளை வெட்டியெடுத்துப் பிசினில் இறுக்கி, மெல்லிய சீவல்களாக்கி, நீலச் சாயமேற்றி லிஸ்ஸிடம் தருவேன். அவள் நுண்ணோக்கியின்கீழ்ச் சிறு சட்டத்துக்குள் விழும் அணுக்களை எண்ணுவாள். சட்டத்தின் பச்சைக் கோட்டைத் தொட்டது கணக்கில் சேரும். சிவப்புக் கோட்டைத் தொட்டது சேராது. அவள் காண்பது அடர்த்தி. நான் அளப்பது பருமன். இரண்டையும் பெருக்கினால்தான் எண்ணிக்கை பிறக்கும். ஒன்று இல்லையேல் மற்றது பயனற்றது.

லிஸ் ஓல்சவ் பதினோர் ஆண்டுகளாக எண்ணுபவள். ஐம்பத்திரண்டு வயது, சட்டைப்பையில் எந்நேரமும் உப்பு அதிமதுர மிட்டாய் இருக்கும். யாருடைய மூளை என்பது அவளுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அவளுக்கு அவை எண்கள் மட்டுமே. எனக்குப் பெயர்களும் தெரியும்.

இருபத்தேழாம் எண்ணுக்குரியவர் பெயர் எய்னர் புன்ச். ஹெல்சிங்கோர் துறைமுகத்தில் சுங்க அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். மே மாதம் எண்பத்தொன்றாம் வயதில் முதியோர் இல்லமொன்றில் இறந்தார். செப்டம்பரில் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். மற்றவர்கள் நண்பகல் உணவுக்குச் சென்றிருந்தமையால் நான் எடுத்தேன்.

"நான் போடில் புன்ச். எங்கப்பா அங்கதான் இருக்கார்."

எங்களிடம் எவரும் இவ்வாறு கூறியதில்லை. குறிப்பேட்டைப் பார்த்து, ஆம் என்றேன்.

"நான் கையெழுத்துப் போட்ட படிவத்துல ஒரு கட்டம் இருந்துச்சே, எண்ணிக்கையைத் தெரிவிக்கணுமான்னு. நான் அதுல குறி போட்டேன். நெசமாவே சொல்வீங்களா, இல்ல சும்மா போட்டிருக்கீங்களா?"

"சொல்வோங்க."

"அவருக்கு எல்லாம் இருந்துச்சா, கொட்டிப்போச்சான்னு தெரியுமா அதுல?"

ஏன் கேட்கிறீர்கள் என்று நான் வினவியிருக்கக்கூடாது, வினவினேன். அவர் தயக்கமின்றிக் கூறினார். கடந்த ஈஸ்டர் விருந்தில், ஊறவைத்த மத்தி மீன் தட்டைக் கைமாற்றும்போது, தந்தை போடிலின் முகத்தைப் பார்த்து, "அன்னிக்குப் போனது நீயா இருந்திருக்கலாம்" என்றாராம். அன்று என்பது 1949. ஒன்பது வயதுத் தம்பி பவுல் துறைமுகச் சுவரிலிருந்து நீரில் வீழ்ந்து இறந்த நாள். பார்த்துக்கொள்ளும்படி பணிக்கப்பட்டிருந்தவர் பன்னிரண்டு வயதுப் போடில்.

"மூணு தடவை சொன்னார். தெளிவா. அப்புறம் உருளைக்கிழங்கைக் கேட்டார்."

அதற்குப்பின் அவர் தந்தையைப் பார்க்கச் செல்லவில்லை. ஐந்து வாரங்களில் தந்தை இறந்தார். இறுதி இரண்டு ஆண்டுகளில் அவருக்கு நினைவு தடுமாறியது என்று செவிலியர் கூறினர். இல்லை, செய்தித்தாளின் குறுக்கெழுத்தைத் தவறாமல் நிரப்பினார் என்று இல்லத்துத் தோழர்கள் கூறினர்.

"நோய் சொல்லிச்சுன்னா, நோயாளியை நான் தனியா விட்டுட்டேன். அவரே சொன்னாருன்னா, நாப்பத்தஞ்சு வருஷமா அதை மனசுல வெச்சிருந்திருக்கார். ரெண்டுல ஏதோ ஒண்ணு. எதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

அப்பொழுது நான் கூறிய மறுமொழியை எழுதவே கை கூசுகிறது. "எண்ணிக்கை பொய் சொல்லாதுங்க," என்றேன்.

எங்கள் தலைவர் டாக்டர் ஊல்லா ராவ்ன் இதை அறிந்ததும் உடனே போடிலை அழைத்துப் பேசினார். அருகிலிருந்து கேட்டேன். "எண்ணைத் தர்றோம், போடில். ஆனா ஒரு மனுஷன் எதை நினைச்சுப் பேசினான்னு அந்த எண் சொல்லாது. அணு கொறைஞ்சவங்க தெளிவா இருந்ததும் உண்டு, எல்லாம் இருந்தவங்க தடுமாறினதும் உண்டு." மறுமுனையில் போடில் கேட்டது முதல் வாக்கியத்தை மட்டுமே என்பது பின்னர் விளங்கிற்று. பழுது என்னுடையது. சான்றிதழ் பெற்றவன் கூறிய சொல் அவர் காதில் முன்னரே குடியேறிவிட்டது.

இனி அக்டோபர் பதினான்கு. ஒரு நாளுக்கு ஒரு மூளை என்பது எங்கள் கூடத்தின் எழுதப்பட்ட விதி. அன்று நான் இருபத்தாறாம் பாதியை அரிந்துகொண்டிருந்தேன். ஒன்பதரைக்குப் போடில் அழைத்தார். வரும் புதன்கிழமை தந்தையின் பிறந்தநாள். அதற்குள் எஞ்சியவற்றையும் எரித்து, அன்று சாம்பலைக் கல்லறையிலுள்ள தாழியோடு சேர்க்க விரும்பினார். எரியூட்டும் இடத்தில் நேரம் கிடைத்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு மட்டுமே. மற்றப் பாதியும் அதனுடன் அனுப்புவதற்காக எங்கள் குளிர்ப்பெட்டியில் காத்திருந்தது.

"பதினோரு மணிக்கு வண்டி வரும். முடியுமா? முடியலைன்னா விடுங்க, பரவால்ல."

பரவாயில்லை என்று கூறியது சொல் மட்டுமே, குரலன்று. முடியும் என்றேன்.

லிஸ் கதவருகே நின்று வெள்ளிக்கிழமைக்குரிய பால்ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். "என்ன கசாப்பு, இன்னிக்கு ரெண்டா? தொழிற்சாலையா இது?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கு. போதும்."

"பன்னிக்குப் போதும்," என்றாள்.

இருபத்தாறின் துண்டங்கள்மேல் கண்ணாடித்தாளை விரித்துப் புள்ளிகளை எண்ணி முடித்தேன். பின்னர் இருபத்தேழைக் கூழிலிருந்து எடுத்தேன். தாயம் நான்கு விழுந்தது. இருபத்துநான்கு துண்டங்கள். கத்தி நன்றாக ஓடியது. என் கை அத்தகைய வேகத்தை மறக்கவில்லை. அப்பொழுது வண்டியோட்டி வந்துவிட்டான், இருபது நிமிடம் முன்னதாகவே. பன்னிரண்டு மணிக்கு நகரின் வால்பிப் பகுதியில் இன்னொரு சவ ஊர்வலம் இருப்பதாகக் கூறி, ஈரத் தொப்பியைக் கையில் உருட்டியபடி கதவில் சாய்ந்து நின்றான்.

"சார், அவசரம் இல்ல. ஆனா அவசரம்."

நான் கட்டிகளை முதலில் வெட்டியெடுத்தேன். பதினொன்று. அவற்றைச் சிமிழ்களில் இட்டு எண் ஒட்டினேன். மேசையைப் பார்த்தேன், கண்ணாடித்தாள் ஈரமாகக் கிடந்தது. அதை எடுத்து நீரில் அலசி, காய்வதற்குத் தொங்கவிட்டேன். அலசுதல் என்பது எண்ணிய பின்னர்ச் செய்யும் செயல். ஒவ்வொரு முறையும் அவ்வாறே செய்திருக்கிறேன். அலசிய கை, எண்ணியாயிற்று என்று தலைக்குக் கூறிவிட்டது. எஞ்சிய துண்டங்களை மற்றப் பாதியோடு பெட்டியிலிட்டு மூடினேன். வண்டியோட்டி ஒப்பமிட்டான், வண்டி நகர்ந்தது. அன்று நான் எண்ணியிருந்த புள்ளிகள் இருபத்தாறுக்குரியவை மட்டுமே.

லிஸ் இருபத்தேழை எண்ணத் தொடங்கியது டிசம்பரில். ஜனவரி இருபத்துநான்காம் நாள் தாளை நீட்டினாள். எண்ணூற்று அறுபத்திரண்டு அணுக்கள். அடர்த்தி உயர்வாக இருந்தது.

"நல்ல நெருக்கம். சனிக்கிழமை சந்தை மாதிரி நிக்குதுங்க. உன் பருமனைக் குடு, பெருக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

குறிப்பேட்டைப் புரட்டினேன். இருபத்தாறுக்கு நேரே என் கையெழுத்தில் புள்ளிகளின் தொகை இருந்தது. இருபத்தெட்டுக்கு நேரேயும் இருந்தது. நடுவிலிருந்த கட்டம் வெறுமையாக இருந்தது.

பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்று பின்புறமும் பார்த்தேன்.

"வெர்னர்," என்றாள் லிஸ். அவள் என்னைப் பெயர்சொல்லி அழைத்தது அரிது. "எண்ணலையா?"

"தாளை அலசினேன்."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல."

நுட்பம் அறியாதோர், அடர்த்தி உயர்வாக இருந்ததே, அது போதாதா என்று வினவலாம். போதாது. முதிர்ந்த மூளை சுருங்கும். சுருங்கிய மூளையில் எஞ்சிய அணுக்கள் நெருங்கி நிற்கும். நால்வரில் ஒருவர் வெளியேறிய பின்னரும் அறையின் சுவர்கள் உள்நோக்கி நகர்ந்தால் நெரிசல் முன்போலவே இருக்கும். அறையின் அளவு தெரியாதவரை, நெரிசலைக்கொண்டு ஒருவர் வெளியேறினாரா என்பதைக் கூற இயலாது. அறை எரிந்து சாம்பலாகித் தாழிக்குள் சென்றுவிட்டது.

பிணக்கூறாய்வில் எடுத்த எடை இருந்தது: ஆயிரத்து நூற்று எண்பது கிராம். ஆனால் அதில் சாம்பல் படலம் எவ்வளவு, வெண்பகுதி எவ்வளவு, நீர் எவ்வளவு என்பது எடையிலிருந்து தெரியாது. அதற்கு முந்தைய இருபத்தாறு மூளைகளின் விகிதங்களை எடுத்து இரண்டு வாரம் கணக்கிட்டேன். ஒரு விகிதத்தின்படி எய்னர் புன்ச்சின் அணுக்கள் முழுமையாக இருந்தன. மற்றொன்றின்படி நான்கில் ஒரு பங்கு இல்லை. இரண்டும் சமமாகப் பொருந்தின. விகிதங்களின் சராசரியை எடுத்து ஊல்லாவிடம் கொண்டுசென்றேன்.

அவர் தாளைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "இது யாரோட எண்?"

"ஏறக்குறைய..."

"வெர்னர், இது மத்த இருபத்தாறு பேரோட எண். அந்தப் பொண்ணு கேட்டது அவங்கப்பாவை."

"ஒண்ணும் இல்லைங்கறதைவிட இது மேல் இல்லையா?"

"மேல்தான். அதான் பயமா இருக்கு. அவங்க இதை எடுத்துக்கிட்டு வாழ்க்கை முழுக்க வெச்சிருப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

நான் கூறுவதாகச் சொன்னேன்.

1995 பிப்ரவரி ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்குப் போடில் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பல் மருத்துவமனையொன்றின் வரவேற்பு மேசையில் பணிபுரிபவர். அதற்காக விடுப்பு எடுத்திருந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை. காப்பி ஊற்றினேன், அவர் அதைத் தொடவில்லை.

நேரடியாகக் கூற வேண்டும் என்று முன்தினமே வாக்கியங்களை எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"முதல்ல நான் பார்க்கலாமா? எண்ணுக்கு முன்னாடி."

மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. லிஸ் நுண்ணோக்கியில் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லை வைத்துக் குவியம் சரிசெய்தாள். சில்லின் எண் மறைக்கப்பட்டிருந்தது, ஆயினும் அது யாருடையது என்பது லிஸ்ஸுக்கு அன்று தெரிந்திருந்தது. போடில் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"நீலமா இருக்கே, புள்ளி புள்ளியா. இதெல்லாம் அவரா?"

"சின்னதெல்லாம் வேற. பெருசா, நடுவுல கருப்பா ஒரு பொட்டு தெரியுது பாருங்க, அதான் நாங்க எண்ணுறது," என்றாள் லிஸ். எப்பொழுதும் கேலி பேசும் அவள் குரல் அன்று மிகவும் தாழ்ந்திருந்தது.

"நெறைய இருக்கு."

லிஸ் சில்லைச் சற்று நகர்த்தினாள்.

"நெறைய இருக்கே," என்று அவர் மறுபடியும் கூறி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார்."

"இல்லைங்க. அதை இதுல இருந்து சொல்ல முடியாது."

"ஏன் முடியாது? எதிர்லயே இருக்கே."

சுருங்குதலைப்பற்றி விளக்கினேன். திராட்சை இட்ட ரொட்டி காய்ந்து சிறுத்தால், திராட்சைகள் உதிர்ந்தாலும் எஞ்சியவை நெருங்கியே தெரியும் என்றேன். மாலை வகுப்பில் இந்த எடுத்துக்காட்டை நான்தான் கூறினேன், ஆசிரியர் பாராட்டினார்.

போடில் பொறுமையாகக் கேட்டார். "சரி. அப்ப ரொட்டி எவ்வளவு பெருசு?"

"தெரியாதுங்க."

"ஏன் தெரியாது?"

"அளக்கணும். அரிஞ்சதும் அளக்கணும், மிச்சத்தை அனுப்பறதுக்கு முன்னாடி. நான் அளக்கல."

"யாரு?"

"நான்தான். அன்னிக்கு வண்டி வந்திருந்துச்சு. வேற ஒருத்தரோடதை அளந்துட்டு, இவரோடதை அளந்ததா நெனச்சுட்டேன்."

அவர் முகத்தில் சினம் எழும் என்று எதிர்பார்த்தேன். எழுந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் ஏதோ கணக்கிடுவதுபோல் மேசையைப் பார்த்தார்.

"வண்டியை அனுப்பினது நான்."

"அதுக்கு இல்லைங்க..."

"பொறந்தநாளுக்குள்ள முடிக்கணும்னு நான்தான் அவசரப்படுத்தினேன்." அவர் கையுறையை ஒரு விரல் ஒரு விரலாக மாட்டினார். "மத்தப் பாதி?"

"அதுவும் போச்சு. அதே பெட்டியில."

"திருப்பி அளக்க எதுவுமே இல்ல."

"இல்லைங்க."

அப்பொழுது ஊல்லா உள்ளே வந்தார். தன் பெயரைக் கூறி, கூடத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். எண் கிடைத்திருந்தாலும் அது தந்தையின் உள்ளத்தை அறிவித்திருக்காது என்று மீண்டும் கூறினார். ஒவ்வொரு சொல்லும் சரியானது.

"அப்படித்தான் மொதல்லயும் சொன்னீங்க," என்றார் போடில். பின் என் பக்கம் திரும்பினார். "இவர் வேற மாதிரி சொன்னார்."

தலையசைத்தேன்.

"நான் இப்ப என்ன வெச்சுக்கறது சொல்லுங்க," என்றார். எவரிடமும் குறிப்பாகக் கேட்கவில்லை. "இவ்வளவு நாளும் ஒண்ணு சொல்வீங்கன்னு இருந்தேன். அவர் மேல கோவப்படலாமா, என் மேல கோவப்படலாமான்னு. கோவத்தையே தள்ளி வெச்சிருந்தேன்."

லிஸ் மிட்டாய்ப் பொதியை எடுத்து, என்ன செய்வதென்று அறியாமல் அவர் முன் நீட்டினாள். போடில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாயில் இடாமல் கையில் வைத்திருந்தார்.

"இதை வெச்சு நீங்க இன்னும் எதாவது பண்ணுவீங்களா?" என்று நுண்ணோக்கியைக் காட்டினார்.

"பருமன் இல்லாம ஆய்வுல சேர்க்க முடியாது. ஆனா பயிற்சிக்குப் பயன்படுத்துவோம், புதுசா எண்ண வர்றவங்களுக்கு," என்றார் ஊல்லா.

"வேண்டாம். எல்லாத்தையும் குடுங்க."

"எல்லாத்தையுமா?"

"கண்ணாடி, கட்டி, எது எது இருக்கோ எல்லாம். எழுதிக் குடுத்தா திரும்ப வாங்கலாம்னு அந்தத் தாள்லயே இருக்கு. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

இருந்தது. உறவினர் எந்நேரமும் இசைவைத் திரும்பப் பெறலாம் என்பது அப்படிவத்தின் ஒன்பதாம் பத்தி. அதை இதற்கு முன் எவரும் பயன்படுத்தியதில்லை. ஒரு கணம் நான் பேச முயன்றேன்: சில்லுகளை வைத்திருந்தால், ஒருநாள், வேறு முறையொன்று கண்டுபிடிக்கப்பட்டால், அடர்த்தியிலிருந்தே பருமனை... வாக்கியத்தை முடிக்கவில்லை. ஊல்லா என்னைப் பார்த்த பார்வையில் அத்தகைய முறை வாராது என்பது இருந்தது. போடில் என்னைப் பார்க்கவே இல்லை.

லிஸ் சில்லுகளை ஒவ்வொன்றாக மரப்பெட்டியின் பள்ளங்களில் செருகினாள். பதினான்கு சில்லுகள். பிசினில் இறுகிய கட்டிகள் பதினொன்று. உடையாமலிருக்க இடையே பஞ்சு வைத்தாள். பின்னர்த் தன் குறிப்பேட்டை எடுத்து, எண்ணூற்று அறுபத்திரண்டு என்ற எண்ணின்மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். ஆறு வார உழைப்பு அது. அந்தக் கோடு என்னைக் கேலியைவிடக் கடுமையாகத் தாக்கியது.

பெட்டி கனமாக இருக்கும் என்று போடில் எண்ணினார் போலும். இரு கைகளையும் நீட்டினார். கனமில்லை என்று அறிந்ததும் ஒரு கணம் நிலைதடுமாறினார். வாசல்வரை தூக்கிவருகிறேன் என்றேன்.

"வேண்டாம். நானே எடுத்துக்கறேன்."

"வண்டி நிறுத்தம் வரைக்குமாவது."

"வெர்னர்," என்றார். என் பெயர் அவருக்கு நினைவிருந்தது. "நீங்க நல்லவர்தான். ஆனா இனிமே ஃபோன்ல யாருக்கும் அப்படிச் சொல்லாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் மாடிப்படியில் இறங்கினார். பெட்டிக்குள் சில்லுகள் மெல்லியதாக ஒன்றோடொன்று உரசும் ஓசை இரண்டாம் தளம்வரை கேட்டது.

திரும்பப் பெறும் படிவத்தை நிரப்புதல் என் கடமை. பெயர்: எய்னர் புன்ச். எண்: இருபத்தேழு. பொருள்: சில்லு பதினான்கு, கட்டி பதினொன்று. கண்டறிந்த எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடிட்டேன். ஊல்லா ஒப்பமிட்டார். ஒப்படைத்த நேரத்தை எழுதுமாறு கடைசிக் கட்டம் கேட்டது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்: பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.